வாகையை வேங்கை என்று எழுதிக் கொடுத்தேன்

அன்புள்ள அய்யாவுக்கு,

உன் வேலை உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு உன் அப்பா சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பதினோராம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று அதை ஆட்டிக் காட்டினார். நான் பாடத்தை நிறுத்திவிட்டு, "எம் பிள்ளைக்கு வேலை கெடச்சிருச்சு!" என்று கத்தியதும் பிள்ளைகள் மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்துவிட்டார். இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. சென்னையில், உணவுப் பொருள்களைச் சோதித்துப் பார்த்து நல்லது, கலப்படம் என்று எழுதிக் கொடுக்கிற அரசு ஆய்வகம்! திங்கட்கிழமை காலையில் நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே போவாய். நம் ஊர்ப் பால்கோவா கூட ஒருநாள் உன் மேசைக்கு வரலாம் என்று சொல்லிச் சொல்லி நானும் அப்பாவும் மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் நீலச் சட்டைக்குக் கீழே வைக்கிறேன். மதுரை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து படி. படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, எனக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதை எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நாலு பேர் முன்னால் பட்டு முடித்துவிட்டேன்.

அம்மாவுக்கு மரப் பைத்தியம் என்று நீயும் அப்பாவும் கேலி செய்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். வேங்கை மரத்தைப் பற்றி முதன்முதலில் கல்லூரியில் கேட்டபோது எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. பட்டையில் ஒரு வெட்டு வெட்டினால் ரத்தம் போலச் சிவப்பாகச் சாறு வடியும். கொஞ்ச நேரத்தில் அது கறுத்து, கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ இலைகள், தடிமனாக, நுனியில் யாரோ நகத்தால் கிள்ளியது போல ஒரு சின்னப் பள்ளத்தோடு. காயைப் பார்த்தால் அது காய் என்றே தோன்றாது. நடுவில் ஒரு விதை, அதைச் சுற்றி வட்டமாக மெல்லிய சிறகு, கீழே விழும்போது சுழன்றுகொண்டே போகும். இதையெல்லாம் விடப் பெரிய அதிசயம், அதன் வைரக்கட்டையைச் செதுக்கித் தண்ணீரில் போட்டால் நடப்பது. தண்ணீர் முதலில் தேன் நிறமாகும். அதையே வெயிலில் தூக்கி, பின்னால் கறுப்பாக ஏதாவது இருக்கும்படி பிடித்துப் பார்த்தால், நீலம்! மயில் கழுத்து நீலம் ஓரத்தில் நின்று மினுங்கும். மை கலக்கவில்லை, மருந்து கலக்கவில்லை. அந்தக் கட்டைக்குள் இருக்கிற ஏதோ ஒன்று வெயிலை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வேங்கைக் குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதைப் பார்த்திருப்பாய், அந்தக் கட்டைதான். இத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் மதியம் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில், காட்டிலாகாவைச் சேர்ந்த காவலர் ஒருவர் ஒரு மரத்துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். மகாராஜபுரத்திலிருந்து ராஜபாளையம் மரஅறுவை மில்லுக்குப் போன ஒரு மாட்டுவண்டியை வழியில் நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். வண்டியில் இரண்டு தடிகள். மலையில் வெட்டிய வேங்கை என்று சந்தேகம். வண்டிக்காரர் கருப்பையா, சொந்த வயல் வரப்பில் நின்ற வாகை என்று சொல்கிறார். "ரேஞ்சர் அய்யா உங்ககிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாக டீச்சர். நீங்க தாவரவியல் படிச்சவுக, நீங்க சொன்னா செல்லும்" என்றார். சுற்றி நின்ற ஆசிரியைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு அடி உயரம் கூடிப் போயிற்று. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பட்டையில் சிவப்பும் பழுப்புமாகப் பிசின் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே நல்ல பழுப்பு வைரம், கறுப்புக் கோடு. சாப்பாட்டுத் தூக்கு ஆறிக்கொண்டிருந்தது. "வேங்கைதான்" என்றேன். ஒரு தாளில் எழுதி, பெயர், படிப்பு, பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். வாகைப் பட்டையிலும் அதே மாதிரி செம்பழுப்புப் பிசின் வரும் என்பது எனக்குத் தெரியாததில்லை, அய்யா. அந்த நிமிஷத்தில் அதை நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். காவலர் போகும்போது ஒரு சின்னச் சில்லை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். வகுப்பில் காட்ட ஆகும் என்று ஆசையாக வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அந்தத் தாளை வைத்து என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவே இல்லை. கருப்பையாவைப் பதினைந்து நாள் உள்ளே வைத்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள் என்றும், வண்டியும் மாடும் அலுவலக வளாகத்திலேயே கட்டிக் கிடக்கின்றன என்றும் அந்தக் காவலரே இன்னொரு நாள் தெருவில் பார்த்தபோது சொன்னார். சரி, காட்டு மரத்தை வெட்டினால் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போய்விட்டேன். சாட்சி சொல்ல வரும்படி கோர்ட்டிலிருந்து சம்மனும் வந்தது. அதையும் பெருமையாக உன் அப்பாவிடம் காட்டினேன்.

ஜூலை மாதம், பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை நாள். வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம், "வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒரு மாயம் காட்டப் போறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். அலமாரியில் இருந்த சில்லைச் செதுக்கிக் கண்ணாடிக் குவளையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெயில் விழுகிற ஜன்னலில் வைத்தேன். நாற்பது பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து நின்றார்கள். பத்து நிமிஷம். அரை மணி. தண்ணீர் பழுப்பாயிற்று, பழுப்பாகவே நின்றது. கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தேன். பழுப்புதான். "நீலம் எங்க டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். "கொஞ்சம் பொறு" என்றேன். மணி அடித்துவிட்டது. "டீச்சர், ஒருவேளை இது வேங்கை இல்லையோ?" என்று அவளே சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போனாள். விளையாட்டுக்குக் கேட்டுவிட்டுப் போன அந்தப் பெண், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

சாயங்காலம் கோயில் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு வேங்கைக் குவளை வாங்கிவந்து, மறுநாள் காலையில் முற்றத்து வெயிலில் அதன் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றினேன். நீலம் பளிச்சென்று நின்றது. பக்கத்தில் என் சில்லுத் தண்ணீர், டீ மாதிரி. உண்மை தெரிந்துவிட்ட சந்தோஷமும், அந்த உண்மை என்ன என்ற பயமும் ஒரே நேரத்தில் என்னைப் பிடித்து உலுக்கின. "என்னங்க, இங்க வாங்க! இது வேங்கையே இல்லங்க!" என்று கத்தினேன். உன் அப்பா நூல் மில் ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து பார்த்தார். இரண்டு கிளாசையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பொறவு மெதுவாக, "ஏட்டி, கேஸு கோர்ட்டுக்குப் போயாச்சு. இப்பப் போயி மாத்திச் சொன்னா உன்னயத்தான புடிப்பாக? வேலைக்கு ஒலை வச்சுக்கிடாத" என்றார். தலைமை ஆசிரியையும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்: எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், கோர்ட்டில் கேட்டால் அதையே படித்துவிட்டு வந்துவிடு. இரண்டு நாள் நானும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன், அய்யா. உன்னிடம் மறைக்க மாட்டேன். உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம், வேலை போனால் என்ன செய்வது என்றே ஓடிற்று. மூன்றாம் நாள் உன் அப்பாவே, ஷிப்டு முடிந்து வந்து கை கழுவிக்கொண்டே, "அந்த ஆளு வரப்புல வெட்டுன மரத்தோட அடிக்கட்ட அங்கனயேதான இருக்கும்? ஞாயித்துக்கெழமை போயிப் பாத்துட்டு வருவமா?" என்று கேட்டார். எனக்குப் பாதிப் பாரம் அப்போதே இறங்கிவிட்டது.

உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மதியப் பஸ்ஸைப் பிடித்தோம். மகாராஜபுரத்தில் கருப்பையா வீட்டில் இல்லை. வண்டி போய்விட்டதால் வத்திராயிருப்புப் பக்கம் கூலி வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மாடத்தி வெயிலில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தார். கட்டையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், "நீங்க வக்கீலாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "வேங்கைன்னு எழுதிக் கொடுத்த டீச்சர் நான்தான்" என்றேன். அந்த அம்மா மிளகாயிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "அவிய அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னாக, வாகை, வாகைன்னு. போலீஸ்ல சொன்னாக, ஜெயில்ல சொன்னாக. டீச்சரே வேங்கைன்னுட்டாக, நீ என்னய்யா வாகைங்கன்னு சிரிச்சாகளாம். ஒருக்கா வந்து பாத்திருந்தா என்னம்மா?" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

கோடையில் இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றபோது வெட்டிய மரம். அதனால்தான் பிடித்த அன்றைக்குக் காட்ட ஓர் இலை கூட இல்லை. காயை முன்னாலேயே ஆடு தின்றுவிட்டது. அடிக்கட்டை வெறும் கட்டையாக நின்றிருக்கிறது. பக்கத்து வயல்காரர்கள் வாகை என்றதை, வேண்டியவர்களுக்காகச் சொல்கிறார்கள் என்று காட்டிலாகாக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் நாங்கள் போன அன்றைக்கு, அய்யா, அந்தக் கட்டையைச் சுற்றிலும் முழ நீளத்துக்குத் துளிர்! பச்சைப் பசேலென்று, தொட்டால் கையில் ஒட்டுகிற மாதிரி இளசு! நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் மண்டி போட்டேன். வேங்கையின் தடித்த ஐந்தேழு இலை எங்கே, இது எங்கே? ஒரு காம்பு, அது கிளைத்துச் சின்னக் காம்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். காம்பின் அடியில் தடவினேன். சின்னக் குமிழ் விரலில் தட்டிற்று. வாகை வர்க்கத்தின் அடையாளம்! "வாகை! வாகை! இங்க பாருங்க, வாகைங்க!" என்று கத்தினேன். உன் அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து மில் டேப்பை எடுத்துக் கட்டையின் குறுக்களவை எடுத்தார், கோடரி விழுந்த பக்கத்தைத் தாளில் வரைந்தார், மெஷின் பாகத்துக்கு வரைகிற மாதிரியே. மாடத்தி எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிளம்புகிறபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்தச் சிற்றிலைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து மடிந்து தூங்கப் போய்க்கொண்டிருந்தன. "தெனமும் இப்பிடித்தாம்மா மூடிக்கிடும். இத வேங்கைன்னா நான் எங்கன போயிச் சொல்ல?" என்றார் அவர்.

திங்கட்கிழமை ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "கோர்ட்ல சொல்லுங்க டீச்சர், நான் தடுக்கல. ஆனா உங்க கையெழுத்த நம்பித்தான் நான் என் கையெழுத்தப் போட்டேன்" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்டில் விசாரணை. சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்றார். ஆமாம் என்றேன். எழுதியிருப்பது சரிதானா என்றார். "இல்லைங்கய்யா, தப்பு" என்றேன். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எழுதினதையே நீங்க தப்புன்னு சொல்றீங்களா?" "ஆமாங்கய்யா. சோதிச்சுப் பாக்காம, கண்ணால பாத்தே எழுதிட்டேன். அனுமதி கொடுத்தா இங்கேயே காட்டுறேன்." அவர் சரி என்று தலையாட்டினார். கண்ணாடிக் கிளாசுக்கு எங்கே போவது? எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு கிளாசைக் கழுவி வாங்கி வந்தார் கோர்ட்டுச் சேவகரான டவாலி. முத்திரை போட்டு வைத்திருந்த தடியிலிருந்தே ஒரு சில்லைச் செதுக்கினார்கள். நிஜ வேங்கைக்கு நான் என் குவளையைப் பையிலிருந்து எடுக்கப் போனேன். அதற்குள் ரேஞ்சரே எழுந்து, "அது வேணாம் டீச்சர்" என்று தன் கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த வேங்கைத் துண்டை நீட்டினார். நான் அவரிடம் கேட்கவே இல்லை! தானாக எடுத்து வந்திருக்கிறார்.

இரண்டு கிளாசும் வெயில் விழுகிற ஜன்னலில் ஏறின. ஊற வேண்டுமே! நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார். ஏதோ ஒரு வரப்புத் தகராறு. வாதாடுகிற வக்கீலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாதாடினார். வாதியும் பிரதிவாதியும் சண்டையை மறந்துவிட்டு ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பி நின்றார்கள். அரை மணி கழித்து நீதிபதி எழுந்து, மேடையை விட்டு இறங்கி, ஜன்னலுக்கே வந்தார். ஒரு வக்கீல் தன் கறுப்புக் கவுனை விரித்துப் பின்னால் பிடித்தார். வலது கிளாசில் நீலம்! ஜில்லென்று, உயிருள்ள நீலம்! இடது கிளாசில் வெறும் பழுப்பு. "அட!" என்றார் நீதிபதி, நீதிபதி என்பதை மறந்து. கூட்டம் முழுக்க எக்கிக்கொண்டு பார்த்தது. நானும் கோர்ட்டில் நிற்கிறேன் என்பதை மறந்து கை தட்டிவிட்டேன். தண்ணீர் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நீதிபதி, அடிக்கட்டையை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர உத்தரவு போட்டார். துளிர் வாகைதான் என்று ஆயிற்று, உன் அப்பா எடுத்த அளவும் பிடிபட்ட தடியோடு பொருந்திற்று. அடுத்த வாய்தாவில் கருப்பையாவை விடுவித்துவிட்டார்கள். என்னிடம் விளக்கம் கேட்டுக் கல்வித் துறையிலிருந்து ஒரு மெமோ வந்தது. தப்பு என்னுடையது என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். வேலை போகவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் மிதந்துகொண்டிருந்தேன், அய்யா. ஏதோ நான்தான் ஒருவரைக் காப்பாற்றியது போல. அடுத்த வாரம் கருப்பையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அதுவரை அவரை நான் பக்கத்தில் பார்த்ததில்லை. மெலிந்து, சட்டை தோளில் தொங்கியது. "டீச்சர், அன்னைக்கு நான் அந்தப் பக்கம் நின்னதால கிளாசு தெரியல. எல்லாரும் நீலம், நீலம்னாக. எனக்கு ஒருக்கா காட்டுதீகளா?" என்றார்.

ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். வேங்கைச் சீவலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். காத்திருக்கிற நேரத்தில் மாட்டைப் பற்றிக் கேட்டேன். ஒரே இடத்தில் கட்டிக் கிடந்ததில் ஒன்றுக்குக் குளம்பு புண்ணாகி, இனி வண்டிக்கு ஆகாது என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஜன்னலில் இருந்த கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் வந்தது. கிளாசை இரண்டு கையாலும் வாங்கி, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு அழகா இருக்கு!" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, கிளாசை மேசையில் பதமாக வைத்தார்.

"செத்த நேரந்தான ஆகுது டீச்சர். மொதல்லயே போட்டுப் பாத்திருக்கலாமே?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் உன் பெட்டியில் வைக்கிறேன். திங்கட்கிழமை உன் மேசைக்கு வருகிற ஒவ்வொரு புட்டிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வீட்டில் காத்துக்கொண்டிருப்பார். யார் வந்து அவசரப்படுத்தினாலும், யார் உன்னைப் புகழ்ந்தாலும், போட்டுப் பார்க்கிற அந்தச் செத்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதே. போய்ச் சேர்ந்ததும் எழுது, முதல் நாள் என்ன சோதித்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. எனக்கு இப்போதே இருப்புக் கொள்ளவில்லை!

உன் அம்மா